17-வது நாளில் ஓடினார்! முழங்கால் ஆபரேஷனை வென்ற வீராங்கனை

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். முழங்காலில் அடிபட்டவர்களைக் கேட்டால், "ஏறிடலாம் சார், இறங்குறப்பதான் முட்டி பேசுது" என்பார்கள். உண்மைதான். இறங்கும்போது உடல் பாரத்தை ஒற்றைக்காலில் தாங்கவேண்டும். தொடைச்சதை பலவீனமாக இருந்தால் முட்டி மாட்டிக்கொள்ளும். ஓட்டத்திலும் இதே கதைதான்.

அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட்டுக்கு 1984 ஏப்ரல் 25-ந்தேதி வலது முழங்காலில் ஆபரேஷன். ஒலிம்பிக் மாரத்தான் தேர்வுக்கு இருந்ததோ 17 நாள்! மே 12-ந்தேதி ஓடினார், முதலிடம். ஆகஸ்டு 5-ந்தேதி லாஸ்ஏஞ்சல்சில் தங்கப்பதக்கம். பெண்களுக்கு நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் அது. நேரம்: 2 மணி 24 நிமிடம் 52 வினாடி.

படித்ததும் நமக்கும் கால் பரபரக்கும். பொறுங்கள்! அவருக்கு நடந்தது, மூட்டுக்குள் உரசிய நார்த்திசுவை வெட்டி எடுத்த சின்ன ஆபரேஷன். ஜவ்வு அறுந்து மாற்று ஜவ்வு வைத்தவர்கள் 17-ம் நாள் ஓடினால் வம்புதான். அவர்கள் மெதுவாக ஓடவே 3, 4 மாதம் ஆகும். போட்டிக்கு 9 மாதமாவது காத்திருக்கவேண்டும்.

வீக்கம் வடிந்து, டாக்டரும் சரி என்றால், திருத்தணிக்காரர்கள் படியேறித் தொடையைப் பலப்படுத்தலாம். ஒரேயடியாக 365-ம் வேண்டாம், 20, 30 போதும். முழுக்க ஏறிவிட்டால்? இறங்க வண்டிப்பாதை இருக்கவே இருக்கிறது.