விண்டோஸ் மாற்றிய பின் டேட்டாபேஸ் திறக்கவில்லையா?

"பழைய கணக்குப் புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன். திறந்தால் பிழைச் செய்தி வருகிறது. டேட்டா எல்லாம் போய்விட்டதா?" விண்டோஸ் 11-க்கு மாறிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் போயிருக்காது. டேட்டா வேறு, அதைத் திறந்து காட்டும் மென்பொருள் வேறு. கோளாறு அனேகமாக இரண்டாவதில்தான் இருக்கும். எனவே பழைய ஹார்டு டிஸ்க்கை அவசரப்பட்டு பார்மட் செய்யாதீர்கள். முதலில் டேட்டா பைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

ஏன் இந்தச் சிக்கல்?

விண்டோஸ் 10-ல் 32 பிட், 64 பிட் என இரு வகைகள் உண்டு. 2021-ல் வெளிவந்த விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டுமே. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற, விண்டோஸைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்போது பழைய புரோகிராம்களும் அவற்றின் டிரைவர் அமைப்புகளும் கூடவே வராது. போல்டரைக் காப்பி செய்தால் மட்டும் போதாது. செட்அப் பைலை இயக்கி மீண்டும் நிறுவுங்கள்.

புரோகிராம் திறக்கிறது, டேட்டா காலி!

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இதில்தான் பயந்து போனார். ஆறு வருடக் கடன் பாக்கிக் கணக்கு காணவில்லை. காரணம் இதுதான். விண்டோஸ் விஸ்டா முதல், புரோகிராம் பைல்ஸ் போல்டரில் சாதாரணப் புரோகிராம்கள் எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் புரோகிராம் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அந்தப் பைலைச் சத்தமில்லாமல் வேறு இடத்தில் சேமிக்கும். அவர் காப்பி செய்தது, நிறுவிய நாளில் இருந்த காலி பைல்!

பழைய டிஸ்க்கில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வரிசையில் போல்டர்களைத் திறந்து பாருங்கள். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட போல்டர் என்பதால், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்வு செய்தால்தான் தெரியும். அவருடைய கணக்கு முழுவதும் அங்கேதான் இருந்தது.

டேட்டா சோர்ஸ் நேம் நாட் பவுண்ட்

64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைப்பு 32 பிட், 64 பிட் என இரண்டு உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று டைப் செய்தால் இரண்டும் தெரியும். உங்கள் புரோகிராம் 32 பிட் என்றால், 32 பிட் உள்ளதைத் திறந்து, பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே பெயரில் டேட்டா சோர்ஸ் உருவாக்குங்கள்.

ஜெட் புரொவைடர் பதிவாகவில்லை

பழைய ஆக்சஸ் பைல்களைத் திறக்கும் ஜெட் 4.0 இன்ஜின் 32 பிட்டில் மட்டுமே உண்டு. 64 பிட் எக்செல் அதைப் பயன்படுத்த முடியாது. எக்செல்லில் பைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் சென்றால் எந்த பிட் என்று தெரியும். 64 பிட் என்றால், 64 பிட் ஏஸ் இன்ஜினை நிறுவி, இணைப்பில் உள்ள ஜெட் பெயரை ஏஸ் என மாற்றச் சொல்லுங்கள். புரோகிராம் எழுதிக் கொடுத்தவருக்கு இது சிறிய வேலைதான்.

டாஸ் கால புரோகிராமா?

டாஸில் ஓடிய பாக்ஸ்புரோ, டிபேஸ் போன்ற 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் இயக்கிப் பாருங்கள். டேட்டா மட்டும் போதும் என்றால், டிபிஎப் பைலை எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் மூலமே திறக்கலாம்.

டேட்டா கிடைத்ததும் கடைசிப் பதிவின் தேதியையும் மொத்தத் தொகையையும் பழைய பிரிண்ட் அவுட்டுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே பழைய டிஸ்க்கில் கை வையுங்கள்.