ஊர் மாறுவோரைக் கணிக்க முடியுமா?

பேராக்கில் பிறந்த உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ இன்று ஷா ஆலாமிலோ கிள்ளானிலோ வேலை செய்யக்கூடும். அங்கே போனது அவருடைய சொந்த முடிவு. ஆனால், ஆயிரக்கணக்கானோரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

இதை முதலில் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் ராவன்ஸ்டைன். பிரிட்டனின் 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 1885இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலோர் குறைந்த தூரமே இடம்பெயர்கிறார்கள், ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு என்றார். 1946இல் ஜார்ஜ் ஸிப்ஃப் அதைச் சூத்திரமாக்கினார். இரண்டு ஊர்களின் மக்கள்தொகையைப் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். நியூட்டனின் ஈர்ப்பு விதியை நினைவூட்டுவதால் இத்தகைய சூத்திரங்களுக்கு 'ஈர்ப்பு மாதிரி' என்று பெயர்.

நாமே போட்டுப் பார்க்கலாம். 2020 கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் சுமார் 70 லட்சம் பேர், ஜொகூரில் சுமார் 40 லட்சம் பேர். ஈப்போவிலிருந்து ஷா ஆலாம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஜொகூர் பாரு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். பேராக்கின் மக்கள்தொகை இரண்டு கணக்கிலும் பொதுவானது என்பதால் அதை விட்டுவிடலாம். 70ஐ 200ஆல் வகுத்தால் 0.35, 40ஐ 530ஆல் வகுத்தால் சுமார் 0.075. அதாவது, பேராக்கிலிருந்து ஒருவர் ஜொகூருக்குப் போனால் நான்கைந்து பேர் சிலாங்கூருக்குப் போவார்கள் என்கிறது மாதிரி.

இதில் ஒரு குறை உண்டு. பேராக்கிலிருந்து சிலாங்கூருக்கு எத்தனை பேரோ, அத்தனை பேர் திரும்பியும் வருவார்கள் என்றே இந்தச் சூத்திரம் சொல்லும். அதனால் ஆய்வாளர்கள் சம்பளம், வேலைவாய்ப்பு, வீட்டு வாடகை போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். எதற்கு எவ்வளவு பலம் என்பதைத் தரவே சொல்ல வேண்டும். கூடுதல் கணிதத்தில் படிக்கும் மடக்கை இங்கே உதவும். அது பெருக்கலைக் கூட்டலாக்குகிறது. பெர்லிஸிலிருந்து லாபுவானுக்கு ஓராண்டில் ஒருவருமே போகவில்லை என்றால்? 0க்கு மடக்கை இல்லையே! அப்போது கைகொடுப்பது எஸ்டிபிஎம் கணிதத்தில் வரும் பாய்சான் பரவல்.

கணிப்பைவிட உண்மை எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால், சூத்திரத்தில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது: தங்குவதற்கு மாமா வீடு, புதிய தொழிற்சாலை, பல்கலைக்கழகம். கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

நமக்கு இது வெறும் கணக்கன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போக, நம் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்திலேயே நின்றுவிட்டன. 150 பேருக்கும் குறைவானவை 'குறைந்த மாணவர் பள்ளி' ஆயின. ஒரு பள்ளியை இடம் மாற்றிக் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். இன்றைய பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. பத்தாண்டு கழித்து அவர்கள் எந்த ஊரில் இருப்பார்கள் என்று கணிக்கத் தெரிந்தவர்கள் நமக்குத் தேவை.

இன்றே தொடங்கலாம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள், ஏன் மாறினார்கள் என்று கேட்டு அட்டவணை போடுங்கள். மாநில வாரியான மக்கள்தொகை எண்கள் புள்ளியியல் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சூத்திரம் உங்கள் குடும்பத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.