குறை சொல்பவரைத் தேடிப் போங்கள்

பட்டறையிற் செய்த கத்திக்குப் பரீட்சை சந்தையில் நடப்பதில்லை. தோட்டத்திலும் வயலிலுமே நடக்கின்றது. 1995 இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல தமது கைக்கருவிகளையும் இழந்தன. அத்தகைய குடும்பமொன்று கத்தியும் தோலுறையும் செய்து பிழைக்க முற்படுமாயின், முதலிற் கற்கவேண்டியது குறை கேட்பதாகும். கத்தி பிடிக்காதவர் சண்டைக்கு வரமாட்டார். மறுமுறை வேறிடத்தில் வாங்குவார். காரணம் தெரியாமலே எமது வருமானம் நின்றுவிடும்.

“கத்தி எப்படி?” என்று கேட்டால் முகத்துக்காக “நல்லது” என்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். எதை வெட்டினீர்கள்? எத்தனை நாளைக்கொருமுறை தீட்டினீர்கள்? கை எங்கே நொந்தது? பின்னர் கத்தியையும் உறையையும் வாங்கிப் பாருங்கள்.

வெட்டும் விளிம்பு மடிந்திருந்தால் இரும்பில் உறுதி போதாது. பழைய லொறி வில்லுத்தகட்டிற் செய்த கத்தியாயின், சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்த பின்பே எண்ணெயில் தோய்க்கவேண்டும்.

விளிம்பு உடைந்து பல் விழுந்திருந்தால் கடினம் மிஞ்சிவிட்டது. தோய்த்த கத்தியைத் துலக்கி, வைக்கோல் நிறம் தோன்றும்வரை, அதாவது ஏறத்தாழ 200 முதல் 230 பாகை செல்சியஸ் வரை, மீண்டும் சூடு காட்டவேண்டும்.

கையிற் கொப்புளம் வந்தால் பிடியின் மூலைகளை அராவி உருட்டுங்கள்.

உறையின் தையல் அறுந்திருந்தால், கூர்ப்பக்கத்தில் இரண்டு தோல்களுக்கும் இடையே ஒரு தோற்பட்டியை வைத்துத் தையுங்கள். கூர் பட்டியில் முட்டும், நூலை அறுக்காது. இதைச் சிறு விடயமென்று எண்ணலாகாது. உறையைப் பிளந்த கத்தி இடுப்பையோ தொடையையோ வெட்டிவிடும்.

கத்தி துருப்பிடித்திருந்தால் உறை ஈரமாக இருந்திருக்கும். நனைந்த உறைக்குள் கத்தியை வைக்கவேண்டாம் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் பிடியையும் ஒன்றாக மாற்றினால், எது பயன் தந்தது என்பது விளங்காது. ஒவ்வொரு கத்தியிலும் இலக்கம் பொறித்து, செய்த விதத்தையும் வாங்கியவர் சொன்னதையும் கொப்பியில் எழுதுங்கள். ஒருவர் சொன்னதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிடவும் வேண்டாம். ஓலை வெட்டுபவருக்கு ஏற்ற பாரம் மரக்கறி வெட்டுபவருக்குச் சுமையாகும். மூவர் ஒரே குறையைச் சொன்னால் அது கத்தியின் குறையே.

திருத்திய கத்தியை முதலிற் குறை சொன்னவரிடமே கொடுங்கள். அடுத்த அறுவடை முடிந்ததும் மறுபடி போய்க் கேளுங்கள்.