ஜன்னலோர நாற்காலி

இறைவன் முதல் நாளில் ஒளியைப் படைத்தார் என்று விவிலியம் கூறுகிறது. ஒளியை வேண்டாம் என்பார் உண்டோ? ஆயினும் அலுவலகத்தில் ஜன்னலோரம் அமர்ந்து பணிபுரியும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "அறை குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, உங்களுக்கு மட்டும் ஏன் புழுங்குகிறது?" என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். சுவரிலுள்ள வெப்பமானியும் 24 டிகிரி என்றே காட்டும். அப்படியானால் அவர் பொய் சொல்கிறாரா? இல்லை.

வெப்பமானி பெரும்பாலும் காற்றின் சூட்டையே காட்டுகிறது. நம் உடலின் இதமோ ஆறு காரணங்களைப் பொறுத்தது என்று 1970-இல் டென்மார்க் அறிஞர் ஃபாங்கர் தம் நூலில் விளக்கினார். அவை காற்றின் வெப்பநிலை, சுற்றிலுமிருந்து வரும் வெப்பக் கதிர்கள், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உழைப்பு என்பன. அடுப்பருகே நிற்பவருக்கு முகம் காய்வதுபோல, மேனியில் படும் வெயிலும் கதிர்களாக வந்து சுடுகிறது.

கண்ணாடியின் இயல்பையும் நாம் அறிய வேண்டும். அது வெயிலை எளிதில் உள்ளே விடும். வெயில் பட்டுச் சூடேறிய தரையும் மேசையும் வெளிவிடும் வெப்பக் கதிர்களையோ வெளியே விடாது. உட்புறத் திரையும் வெயிலில் காய்ந்து அறைக்குள்ளேயே வெப்பத்தைப் பரப்பும்.

இதைப் பாரிஸ் நகரம் பட்டறிந்தது. 1933-இல் ஏழைகளுக்காக இரட்சணிய சேனையார் அங்கே ஓர் இல்லம் திறந்தனர். கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே அதன் தெற்கு முகப்பைத் திறக்க முடியாத கண்ணாடிச் சுவராக அமைத்தார். குளிரூட்டும் பொறி பொருத்தப்படவில்லை. கோடையில் உள்ளிருந்தோர் தவித்தனர். பின்னர் திறக்கும் ஜன்னல்களும், போருக்குப் பின் வெளிப்புற வெயில் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. அவரே 1950-களில் சண்டிகர் தலைமைச் செயலகத்தை வடிவமைத்தபோது, ஜன்னல்களுக்கு வெளியே கான்கிரீட் தடுப்புகளை முதலிலேயே அமைத்துவிட்டார்.

ஆகவே, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் முறை. உச்சி வெயிலுக்குக் கிடைமட்டமான மேல்தடுப்பு போதும். சாய்ந்து வரும் மாலை வெயிலுக்கு, மேற்கில் செங்குத்துத் தடுப்போ, தட்டியோ, மரமோ வேண்டும்.

நாளை நம் மாணவியருள் பலர் அலுவலகங்களில் பணிபுரிவார்கள். சிலர் அவற்றைக் கட்டவும் செய்வார்கள். அப்போது வெப்பமானியை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறாமல், ஜன்னலோர நாற்காலியில் நாமும் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போம். பிறர் துன்பத்தை அறிய அதுவே நேர்வழி.