பறி கடித்த தாயும் பால்வாடி காணாத பிள்ளையும்

பழவேற்காடு ஏரியில் நீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் இறால் தடவப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். நாலு வயதுப் பிள்ளை கரையில் உட்கார்ந்து ஈரமண்ணில் குச்சியால் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கும். என்னவென்று கேட்டால், "நண்டு" என்று சொல்லும்.

அந்த நண்டிலிருந்துதான் எழுத்து தொடங்குகிறது. தான் போட்ட கோடு ஒரு பொருளைக் குறிக்கும் என்று அந்தப் பிள்ளை கண்டுகொண்டுவிட்டது. கோடு ஓர் ஓசையையும் குறிக்கும் என்பது அடுத்த படி. ஆனால் இரண்டு வருடம் கழித்து, முதல் வகுப்பில், அதே பிள்ளையைப் பற்றி "ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறது" என்று சொல்வதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன்.

இடையில் நடந்தது என்ன? இந்த ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' முறை தீர்மானிக்கிறது. பட்டினவர் ஊர்கள் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. இருளருக்கும் தலித்துகளுக்கும் அந்தக் குலுக்கலில் சீட்டு கிடையாது. ஆழமில்லாத ஓரங்களும் கையால் தடவுவதும்தான் மிச்சம். ஏற்றவற்றமோ தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கையால் பிடிப்பவர் அதன் பின்னால் ஓடவேண்டும். பால்வாடி மட்டும் எல்லா நாளும் ஒரே நேரத்தில் திறக்கும். அதுவும் குடியிருப்பைவிட்டுத் தள்ளி, பெரிய ஊரில் இருந்தால், விடியலில் தண்ணீரில் இறங்கிய தாய் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் விடுவாள்?

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல்வர் 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். நல்லதுதான். ஆனால் அது ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மூன்று வருடம் சட்டத்திலேயே மெலிந்துபோன இடம். அரசியலமைப்பின் 45-வது பிரிவு முதலில் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் பேசியது. 2002 திருத்தம் 6 முதல் 14 வரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு 'முயல வேண்டும்' என்பதோடு நின்றுகொண்டது.

இந்த ஓசை, எழுத்து விஷயம் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். அந்தத் திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1894-ல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு, ஆசிரியராக இருந்த எம்.சி.ராஜா, ஆர்.ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 1930-ல் மழலையருக்கென்றே 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற நூலைக் கொண்டுவந்தார். இன்றும் பால்வாடிகளில் கைவீசிப் பாடும் பாட்டுகள் அதில் உண்டு. நாமோ அவரைச் சட்டமன்றத்தோடும் ஒப்பந்தத்தோடும் நிறுத்திக்கொண்டோம்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். பிடித்ததைத் தரம் பிரிக்கும்போது பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். எது பெரிசு, எதற்கு மீசை நீளம், நேற்று எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லச் சொற்கள் சேரும். சொல்லைத் தட்டிக் காட்டுங்கள்: நண்-டு, இரண்டு தட்டு, ம-ட-வை, மூன்று, பூ-நா-ரை, மூன்று. சொல்லுக்குள் ஓசைத்துண்டுகள் இருப்பது காதில் விழுந்த பிள்ளைக்குத்தான் எழுத்து பிடிபடும். 247 எழுத்தையும் மூன்று வயதில் ஒப்பிக்கவைப்பது பெரியவர்களின் அவசரம். 'ட', 'ப' இரண்டும் நேர்க்கோடுகள். குச்சியால் சேற்றிலேயே போடலாம். அதிலிருந்து 'படகு' எவ்வளவு தூரம்?

பால்வாடி ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். சில இருளர் வீடுகளில் தெலுங்கு கலந்த பேச்சு உண்டு. பிள்ளை அப்படிப் பேசினால் சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். முதல் வாரத்தில் வாயை மூடிக்கொண்ட பிள்ளை பிறகு திறக்க வெகுநாள் ஆகும்.

மையமே இல்லாத குடியிருப்புகளுக்கு வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று சொன்னது இது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். புது மையங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கே முன்னுரிமை. இருளர் குடியிருப்பு சிறிது, 40 தேறாது என்பார்கள். பக்கத்துக் காலனியோடு சேர்ந்து கேட்கலாம். குறைந்த மக்கள்தொகைக்குக் குறு அங்கன்வாடியும் உண்டு.

குழந்தைகளின் பெயர், வயது, தாயார் பெயர், இப்போதுள்ள மையம் எவ்வளவு தூரம், இடையில் ஓடை இருக்கிறதா என்று ஒரு பட்டியல் தயாரித்து, கிராமசபைத் தீர்மானத்தோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். பட்டியல் எழுத ஆளில்லை என்றால், பொன்னேரிக் கல்லூரிக்குப் போய்வரும் நம் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம். நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள்.