கொத்துவது குற்றமா?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்திலே ஃபார்ன் தீவுகள் என்று ஒரு தீவுக் கூட்டம் உண்டு. கோடையிலே படகேறிச் செல்லும் பயணிகளுக்கு அங்கே சொல்லப்படும் எச்சரிக்கை: "தலையிலே தொப்பி இருக்கட்டும்!" வெயிலுக்காக அல்ல, ஆர்க்டிக் ஆலாவுக்காக! கூட்டருகே வருவோரின் தலைமீது பாய்ந்து, இரத்தம் கசியக் கொத்திவிடும் பறவை அது.

பொல்லாத பறவை என்கிறார்கள், கொத்துப்பட்டவர்கள். நாம் கேட்கிறோம்: கொத்துவது குற்றமா?

அதன் எடை ஏறக்குறைய 100 கிராம். 2015-ல் அத்தீவிலிருந்து கிளம்பிய ஓர் ஆலா, அண்டார்க்டிகா வரை சென்று 2016-ல் திரும்பியது. காலிலே கட்டிய சிறு கருவி காட்டிய பயண தூரம் 96,000 கிலோமீட்டர்! இத்தனை கடல் கடந்து வந்து அது காவல் நிற்பது எதற்கு? தரையிலே ஒரு சிறு பள்ளம்; அதிலே ஒன்றிரண்டு முட்டை. கூரை இல்லை, வேலி இல்லை. நம் வீட்டுத் தொட்டிலை நோக்கி அந்நியன் ஒருவன் கை நீட்டினால், தாய் கைகட்டி நிற்பாளா? ஆலாவுக்குக் கையும் இல்லை, அலகுதான் உண்டு!

அதே தீவில் ஈடர் வாத்தும் அடைகாக்கிறது. ஆள் நெருங்கினாலும் பெட்டை தரையோடு தரையாகப் பதுங்கி, அசையாமல் இருக்கும். "இது சாது, நம்மைப் பொருட்படுத்தவில்லை" என்று எண்ணி இன்னும் இரண்டடி எடுத்து வைக்கிறான் பயணி. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது பழமொழி. இங்கே அது செல்லாது, தோழர்களே!

சிலி நாட்டிலே, அடைகாக்கும் ஹம்போல்ட் பென்குவின்களின் இதயத் துடிப்பை ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2006-ல் வெளிவந்த முடிவு என்ன? 150 மீட்டர் தொலைவிலே ஒரு மனிதன் நடந்து சென்றாலே, உட்கார்ந்திருக்கும் பறவையின் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது! வெளியிலே அமைதி, உள்ளே அச்சம்.

அச்சம் மிஞ்சி அது எழுந்துவிட்டால்? முட்டை குளிரும். பக்கத்திலே கடற்காகம் காத்திருந்தால், கண்ணிமைப்பதற்குள் கவ்விக்கொண்டு போய்விடும். கொன்றது கடற்காகம், வழி திறந்துவிட்டது யார்? வேடிக்கை பார்க்க வந்த மனிதன்!

ஆகவே, போட்ட பாதையை விட்டு விலகாதீர். ஆலா அலறினால் கல்லெடுக்காதீர், பின்வாங்குங்கள். அசையாத பறவை அழைக்கிறது என்று எண்ணாதீர், எட்டியே நில்லுங்கள். அலறுவதும் அடங்கியிருப்பதும் சொல்வது ஒன்றே: "இது என் குஞ்சுகளின் இடம்!"