சோபாவுக்கு அடியில் ஒரு நாய்

கிள்ளான் துறைமுகத்தில் படகேறினால் கெத்தாம் தீவுக்குப் போகலாம். கம்பங்களின் மேல் நிற்கும் வீடுகள். கார் கிடையாது, சைக்கிள்தான். 2009ஆம் ஆண்டில் அங்கே தெருநாய்கள் பெருகிவிட்டன என்று, ஏறக்குறைய 300 நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டார்கள். அங்கே நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கடல்நீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற, சிறுநீரகம் உடலில் இருக்கும் நீரையும் சேர்த்துச் செலவழிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான் கூடும். பசியில், செத்த நாய்களை மற்ற நாய்கள் தின்றதாகச் செய்திகள் வந்தன. மீட்புக் குழுவினர் படகில் போய்ச் சிலவற்றைக் காப்பாற்றினார்கள். விலங்கு வதைக்கு அப்போது இருந்த அபராதம் அதிகபட்சம் 200 ரிங்கிட்! 2017இல் நடப்புக்கு வந்த விலங்கு நலச் சட்டத்தில் அது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை.

அம்பாங்கில் எஸ்.பி.சி.ஏ., சுபாங்கில் பாவ்ஸ் என்று நம் வட்டாரத்தில் நாய்களைத் தத்துக் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. நீங்களும் அப்பா அம்மாவும் அப்படி ஓர் அமைப்பிடம் போனால் கேள்விகள் நிறைய வரும். வீட்டுக்கு வேலி உண்டா? பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடத்தில் அடுக்குமாடி என்றால், நிர்வாகம் நாய் வளர்க்க விடுமா? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? இதெல்லாம் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுக்கப்படும் நாய், இரண்டாம் முறையும் வீட்டை இழக்கிறது.

சரி, நாய் வீட்டுக்கு வந்துவிட்டது. நேராகச் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சோறு வைத்தால் தொடுவதில்லை. 'நம்மைப் பிடிக்கவில்லை போல' என்று நினைக்காதீர்கள். அதன் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் ஏறியிருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்துவது அது. அந்த நேரத்தில் செரிமானத்துக்கு முதலிடம் இல்லை. அதனால்தான் பசி குறைகிறது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த நாய்களின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முதல் மூன்று நாள்களில் கார்ட்டிசோல் அதிகமாக இருந்தது. ஒன்பது நாள்களுக்கு மேல் அங்கே தங்கிய நாய்களிடம் குறைவாக இருந்தது. புது வீடும் நாய்க்கு ஒரு புது இடம்தான். ஆகவே இழுத்து வெளியே போடாமல், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் புத்தகம் படியுங்கள். சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து காட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். இரண்டு மூன்று நாள் ஆகியும் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி பேதி கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவர் கட்டாயம் பேசும் விஷயம் இதயப்புழு. டிங்கியால் நமக்குக் கொசு பழக்கம். நாய்க்கு அதே கொசு இந்தப் புழுவின் குட்டிப் பருவத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அது வளர்ந்து, இதயத்திலும் நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயிலும் தங்கும். பெண் புழு ஓர் அடி நீளம்கூட வளரும்! வழக்கமான இரத்தச் சோதனை வளர்ந்த பெண் புழு வெளியிடும் பொருளைத்தான் தேடுகிறது. கொசு கடித்து அந்த நிலைக்கு வர ஆறு மாதம் போல ஆகும். இன்று 'இல்லை' என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்வது இதனால்தான். மாதம் ஒரு மாத்திரையில் தடுத்துவிடலாம்; முற்றிய பின் சிகிச்சை நாய்க்கும் கஷ்டம், பணப்பைக்கும் கஷ்டம்.

பயம் தெளிந்த நாய் ஒரு நாள் தானாக வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015இல் இந்தப் பார்வையை ஆராய்ந்தார்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்ட நாய்க்கும் வளர்ப்பவருக்கும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் பிணைப்பை உண்டாக்கும் அதே ஹார்மோன்! மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. ஆனால் முதல் நாளே நீங்கள் போய் உற்றுப் பார்க்காதீர்கள். பயந்த நாய்க்கு அது மிரட்டல்.

இன்னொன்று: தீபாவளி நெருங்கினால் தத்தெடுப்பதைப் பண்டிகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரை. வந்த வாரத்திலேயே பட்டாசு வெடித்தால், வேலியைத் தாண்டி ஓடும் நாய்க்குத் திரும்பி வர வீட்டின் வாசனைகூட இன்னும் பழகியிருக்காது.